சேதுக் கடலும் இரண்டு குடும்பங்களும்

நமது திருநெல்வேலியிலே கடல் இல்லை. செம்மண் தோட்டமும், ஆழக் கிணறும், ஓயாத சந்தையும், பல்கலைக்கழக வாயிலுமே இவ்வூரின் அடையாளங்கள். ஆயினும் நல்லூர்த் திருவிழாக் காலம் வந்துவிட்டால், இவ்வூர் ஒழுங்கைகளிலிருந்து கடலை நோக்கி வான்கள் புறப்படுகின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருந்து வந்த குடும்பங்கள் அவை. முன்னிருக்கையிலே அம்மப்பா, நடுவிலே மகளும் மருமகனும், பின்னாலே அம்மம்மாவின் மடியிலே பேரக் குழந்தை. கீரிமலைக் கேணி, காரைநகர்க் கசூரினாக் கரை என்று பொழுது கழிகிறது. பேரப்பிள்ளைக்கு இது வெளிநாட்டுக் கடற்கரை. அம்மம்மாவுக்கோ பிறந்த மண்.

மூன்று தலைமுறையினர் ஒன்றாகக் கடலில் கால் நனைக்கும் காட்சி இனியது. அதிலே குறை காண்பது நமது நோக்கமன்று. ஆயின், வரலாறு பயில்வோர் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். குடும்பத்தோடு கடல் கடந்து போய், நீராடி, மகிழ்ந்து, வீடு திரும்பும் பேறு இந்நாட்டுத் தமிழரில் யாருக்கு வாய்த்தது? யாருக்கு வாய்க்கவில்லை? ஏன்?

யாழ்ப்பாணத்தார்க்குக் கடல் கடந்த நீராடல் புதியதன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலே 'சேது' என்று பொறித்தனர். சேதுகாவலர் எனப் பெயர் பூண்டனர். பாய்த்தோணிக் காலத்திலே கடினமாயிருந்த அப்பயணத்தை 1914ஆம் ஆண்டு எளிதாக்கிற்று. அவ்வாண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இர்வின், கோஷன் என்று ஆட்சியாளர் பெயர் தாங்கிய கப்பல்கள் பின்னர் அக்கடலிலே ஓடின. அப்பாலிருந்து இப்பால் ஒரு தொடர்ப் பயணம். 'போட் மெயில்' என்பது அதன் பெயர்.

அந்நாளைய யாழ்ப்பாணக் குடும்பமொன்றின் யாத்திரையை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோச்சியிலே மதவாச்சி வரை, அங்கு மாறித் தலைமன்னார், பின்பு கப்பல். கட்டுச்சோறும் எள்ளுருண்டையும் பனாட்டும் ஓலைப் பெட்டிகளிலே நிறைந்திருக்கும். தனுஷ்கோடியிலே இரு கடலும் கூடும் இடத்தில் அப்பு முன்னோர்க்குக் கடன் செய்வார். குழந்தைகள் சிப்பி பொறுக்குவர். இராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடுவர். பெயர் யாத்திரை, உள்ளடக்கமோ பாதி உல்லாசம். ஆச்சிக்கு மட்டும் அந்த உல்லாசத்திலும் ஓய்வில்லை. சத்திரத்து அடுப்பும் குழந்தையும் அவள் பொறுப்பே.

இப்பயணத்தை மேற்கொண்டவர் யார்? அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், மலாயாவிலே உழைத்து ஓய்வூதியம் பெற்றோர், காணியுடையோர். சம்பளத்தோடு விடுமுறையும், ரயிலுக்கு வாரண்டும் உடைய உத்தியோகத்தருக்குக் கடல் அண்மையிலே இருந்தது. அவருடைய புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவனுக்கு அது தொலைவிலே இருந்தது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர்க்கோ சொந்த ஊரின் கோயில் வாயிலும் கிணற்றுக் கட்டுமே அந்நிய நாடாக இருந்தன. 1957இலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கதவு திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21இலே சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவும், 1968இலே கீரிமலைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கோயில் முன்றிலிலே மக்கள் அடிபட்டு நிற்கவும் வேண்டியிருந்தது.

அதே கடலை இன்னொரு குடும்பமும் கடந்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், நம்மூரின் பெயருடைய மற்றத் திருநெல்வேலி ஆகிய இடங்களிலிருந்து, கங்காணியின் பின்னே, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த குடும்பம் அது. முதியோரும் பெண்களும் கைக்குழந்தைகளும் அதிலும் இருந்தனர். ஆயினும் அவர்களை எதிர்கொண்டது சத்திரமன்று, மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போவோரைத் தடுத்து வைத்து, நோய் சோதித்து, துணி அவித்து, அம்மை குத்தி அனுப்பிய இடம் அது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்று காட்டும் தகரச் சீட்டு அவர்கள் கழுத்திலே தொங்கியது. யாத்திரைக் குடும்பம் ரயிற் சாளரத்தினூடே அம்முகாமைப் பார்த்துக் கடந்து சென்றது. கடல் ஒன்று, கப்பலும் ஒன்று. ஒருவருக்கு அது தீர்த்தம். மற்றவருக்குத் தொழிற்சந்தையின் வாயில்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இலே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் பேசலாம் என்றனர். மனிதரை மூட்டைகளாக எண்ணிப் பங்கிட்ட கணக்கு இது. இரண்டு மாதங்கூட ஆகவில்லை. டிசம்பர் 22ஆம் நாளிரவு புயல் எழுந்து தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயிலைப் பயணிகளோடு கடல் விழுங்கிற்று. கப்பல் பின்பு இராமேசுவரத்துக்கு ஓடியது. அதிலேதான் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாக அனுப்பப்பட்டனர். அவர்களை மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சுமந்து வந்த ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்று குடும்பங்கள் மேடையிலேயே பிளந்தன. கண்டிராத 'தாயகத்துக்கு'ப் பேரக் குழந்தை சென்றது. மூன்று தலைமுறையும் சேர்ந்து கடல் கடந்த பயணந்தான் இதுவும்!

நமது வீடுகளின் நினைவிலே சேது நீராடல் இருக்கிறது. ஒப்பாரிக் கோச்சி இல்லை. அந்த மறதி தற்செயலன்று. பக்கத்து வரிசையிலே நின்றவனை நம்மவன் என்று கருதாத வர்க்க மனமே அதன் வேர்.

வரலாறு நமக்கும் பாடம் புகட்டியது. 1983 யூலைக்குப்பின் யாழ்ப்பாணத்தினின்றும் மன்னாரினின்றும் குடும்பங்கள் இரவோடிரவாகப் படகேறின. கரையிலே அவர்களை ஏற்றது அதே மண்டபம் முகாம்! அன்று சாளரத்தினூடே பார்த்துச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அதன் தரையிலே படுத்தனர். இங்கும் வர்க்கம் வேலை செய்தது. விமானச் சீட்டுக்குப் பணம் தேட முடிந்தவர் மேற்கே போயினர். முடியாதவர் முகாமிலே தங்கினர். 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் சிறு குழந்தைகளோடு படகேறியோர் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளிலே இறக்கிவிடப்பட்டனர். ஊரிலே இருந்தோர்க்கும் கடல் எளிதாய் இருக்கவில்லை. 1990இலே இடம்பெயர்ந்த மயிலிட்டி மீனவருக்கு அவர்தம் துறைமுகம் 2017இலேதான் மீண்டது. போருக்குப்பின் காங்கேசன்துறைக் கரையிலே இராணுவம் விடுமுறை விடுதி நடத்த, அயலூர்க் கரைக்கு உரியவர் முகாமிலே காத்திருந்தனர்.

ஓய்வு என்பது செல்வர் தாமாக ஈந்த கொடையன்று. 1936இலே பிரான்சின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பெற்றனர். அந்தக் கோடையிலே, குறைந்த கட்டண ரயிலேறி, எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் வாழ்நாளிலே முதன்முறையாகக் கடலைக் கண்டன. அதே ஆண்டு சர்வதேசத் தொழில் நிறுவனம் சம்பள விடுமுறைக்கு உடன்படிக்கை இயற்றியது. இலங்கையிலும் 1954இன் சட்டம் கடை, காரியாலய ஊழியருக்கு ஆண்டு விடுமுறையை உரிமையாக்கிற்று. கூலிக்குத் தோட்டம் கொத்துபவருக்கும், வலை இழுப்பவருக்கும் அந்த உரிமை இன்னும் எட்டவில்லை. ஒருநாள் கடற்கரையிலே சும்மா இருந்தால் அன்றைய கூலி போயிற்று.

2023 அக்டோபர் 14இலே நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டிலே மீண்டும் புறப்பட்டது. நான்கு மணி நேரப் பயணம். கடல் மீண்டும் பாதையாவதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அதில் ஏறக் கடவுச்சீட்டு வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலரிடம் எந்த நாட்டின் கடவுச்சீட்டும் இல்லை.

ஆகவே, கீரிமலையிலே பேரப்பிள்ளையின் கையைப் பற்றி நிற்கும் பெரியோரை நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: இராமர் அணையின் கதையைச் சொல்லுங்கள், அதனோடு தகரச் சீட்டின் கதையையும் சொல்லுங்கள். வகுப்பறையிலே நாமும் சொல்வோம். அந்தக் குழந்தைக்குக் கிடைத்த கடல் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைக்கும் நாளுக்காகப் போராடுவதே, வரலாறு கற்றோரின் கடமை.