இமைமேல் ஒரு பூச்சு

மை தீட்டும்போது மைக்கோல் கண்ணுக்குத் தெரிவதில்லை. கணவனை நேரில் கண்டதும் அவன் குற்றங்கள் கண்ணில் படாமல் போவதைச் சொல்லவந்த குறள் தலைவி இதனையே உவமையாக்கினாள். காதலுக்குச் சொன்ன உவமை ஒப்பனைக்கும் பொருந்தும். தன்மேல் பூசப்படுவது இன்னதென்று கண் அறியாது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேறொரு துணை வேண்டும். அந்தத் துணை கிடைக்க எத்தனை காலம் ஆயிற்று, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போவது.

இன்று சிறு சிமிழில் அடைத்து விற்கப்படும் க்ரீம் ஐ ஷேடோவைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படையில் மூன்று பொருள்கள் நிற்கும்: நிறம் தரும் பொடி, அதை இமையில் ஒட்டவைக்கும் கொழுப்பு அல்லது மெழுகு, கெடாமல் காக்கும் மருந்து. நறுமணமும் மினுக்கும் அவற்றோடு சேர்வன. இவற்றுள் முதல் இரண்டும் மிகப் பழையவை. எகிப்தில் அரச மரபுகள் தோன்றுவதற்கு முன்பே, கண்ணுக்குத் தீட்டும் பச்சை மலகைட்டை அரைக்கும் கற்பலகைகளை இறந்தவரோடு புதைத்தார்கள். கி.மு. 3100 அளவில் செதுக்கப்பட்டு இன்றும் வரலாற்று நூல்களில் இடம்பெறும் நார்மர் பலகையும் வடிவத்தால் மை அரைக்கும் பலகையே. பச்சைக்கு மலகைட், கறுப்புக்கு ஈயத் தாதுவான கலீனா. இரண்டையும் பொடித்துக் கொழுப்பில் குழைத்தார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள எகிப்தியச் சிமிழ்களின் எச்சங்களை ஆராய்ந்தவர்கள், இயற்கையில் அரிதான இரு ஈயச் சேர்மங்களை அம்மக்கள் வேதிமுறையில் தாமே செய்துகொண்டனர் என்று 1999இல் அறிவித்தார்கள். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேதியியல் அது. மிகச் சிறிய அளவில் அந்த ஈயம் தோலின் தற்காப்பைத் தூண்டியிருக்கலாம் என்று 2010இல் மற்றோர் ஆய்வு சொன்னது. ஆயினும் ஈயம் ஈயமே. உடலில் சேரச் சேர அது நஞ்சு.

நம் வீடுகளில் கூட்டிய கண்மையும் இதே சூத்திரத்தில் அமைந்ததுதான். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெய் ஊற்றி எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து, விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைப்பார்கள். காசு செலவில்லாத மை அது. உள்ளே போன பொருள் ஒவ்வொன்றையும் கூட்டியவள் தன் கையால் போட்டாள் என்பது அதன் பெரிய பலம். கடையில் சுர்மா என்ற பெயரில் விற்கும் பொடிக்கு அந்த உறுதி இல்லை. ஈயச் சல்பைடு கலந்த சுர்மாக்கள் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன. கண்ணைக் கசக்கிய கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு அதனால் கேடு மிகுதி.

மலிவு விலை ஒப்பனை ஒரு தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். 1872இல் காப்புரிமை பெற்ற வாசலைன் அதற்கு வழிவிட்டது. கொழுப்பின் இடத்தை எளிதில் கெடாத பெட்ரோலியம் ஜெல்லி பிடித்துக்கொண்டது. டாம் லைல் வில்லியம்ஸ் 1915இல் தொடங்கிய மேபலின், அவருடைய தமக்கை மேபல் இமைமயிரில் வாசலைனையும் கரியையும் பூசிக்கொண்டதைக் கண்டு பிறந்தது என்பது அந்நிறுவனம் சொல்லிவரும் கதை. ஆல்பிரட் வாய்டிட்ஸ் என்ற வேதியியலர், ஒவ்வாமையால் வருந்திய தம் மனைவி ஃபேனி மேக்காக ஒப்பனைப் பொருள் செய்யப்போய், 1931இல் இருவர் பெயரையும் இணைத்து அல்மே உருவாயிற்று.

அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1933இல், ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒரு பெண் விருந்துக்குச் செல்வதற்கு முன் அழகு நிலையத்தில் புருவத்துக்கும் இமைமயிருக்கும் சாயமிட்டுக்கொண்டார். சாயத்தின் பெயர் லாஷ் லூர். அதில் இருந்தது பாராஃபெனிலின்டையமின் என்னும் நிலக்கரித் தார் வழிச் சாயம். கண்கள் வீங்கிப் புண்ணாகி அவர் பார்வையை இழந்தார். வேறு பெண்களுக்கும் இத்தகைய கேடு நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. ஆனால் அரசால் அச்சாயத்தைக் கடையிலிருந்து அகற்ற இயலவில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கவனித்தது. ஒப்பனைப் பொருள் என்ற சொல்லே அதன் எல்லைக்குள் இல்லை.

உணவு மருந்து நிர்வாகத்தார் அப்பெண்ணின் முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்துக் காட்சிப்படுத்தினார்கள். பத்திரிகைகள் அக்கண்காட்சியைக் கொடூரங்களின் கூடம் என்றன. எலினார் ரூஸ்வெல்ட் அதைப் பார்த்தார். ரூத் டி ஃபாரஸ்ட் லேம்ப் 1936இல் அப்பெயரையே தழுவி ஒரு நூல் எழுதினார். 1937இல் ஒரு சல்ஃபா மருந்துக் கரைசல் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பிறகே சட்டமன்றம் அசைந்தது. 1938 ஜூனில் நிறைவேறிய புதிய சட்டத்தின்கீழ் முதலில் பறிமுதலான பொருள் லாஷ் லூர். அதே வேதிப்பொருள் தலைமுடிச் சாயங்களில் இன்றும் உண்டு. கறுப்பு மருதாணி என்று விற்பவற்றிலும் கலக்கப்படுகிறது. ஒருமுறை அதற்கு ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். முடிச்சாயத்தைப் புருவத்துக்கு இடலாகாது என்ற எச்சரிக்கைக்குப் பின்னால் அந்த டேட்டன் பெண்ணின் கண்கள் இருக்கின்றன.

சட்டம் வந்தும், உள்ளடக்கப் பட்டியலை உறைமேல் அச்சிடும் கட்டாயம் அமெரிக்காவில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1977இல்தான். ஒவ்வாமை குறைந்தது என்ற சொல்லைப் போடுவோர் சோதனையால் அதை நிறுவ வேண்டும் என்று 1975இல் ஒரு விதி வந்தது. அல்மேயும் கிளினிக் நிறுவனமும் வழக்குத் தொடுத்தன. 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. ஆகவே ஒவ்வாமை குறித்த அந்த வாக்குறுதிக்கு அங்கே சட்டப் பொருள் கிடையாது. மனைவியின் நலம் கருதிப் பிறந்த நிறுவனம் ஒன்றே அந்தச் சொல்லை வரையறுக்க மறுத்து நின்றது வரலாற்றின் கசப்பான முரண். ஒப்பனைப் பொருளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் அந்த நிர்வாகத்துக்குக் கிடைத்தது 2022 டிசம்பரில் வந்த சட்டத்தால்.

இவ்வரலாற்றிலிருந்து சிறிய பணப்பைக்குக் கிடைக்கும் பாடங்கள் சில உண்டு. விலை உயர்ந்த சிமிழ் என்பதால் ஒவ்வாமை விலகி நிற்பதில்லை. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதைச் சீண்டுவன பெரும்பாலும் நறுமணப் பொருள்களும், மெத்தில்ஐசோதையசோலினோன் போன்ற காப்பு மருந்துகளும், நிறமிகளில் ஒட்டியிருக்கும் நிக்கலும். முகத்தில் பூசியபடி விடும் பொருள்களில் மெத்தில்ஐசோதையசோலினோனை ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் விலக்கியது. ஆகவே நறுமணம் இல்லாததும் பட்டியல் குறுகியதுமான பொருளே நல்லது. சிலருக்கு இமை சிவப்பதற்குக் காரணம் கண்பூச்சே அன்று. நகப்பூச்சிட்ட விரல் கண்ணைத் தொட்டதுதான்.

க்ரீம் வாங்க இயலாதவர் வாசலைனை மிக மெல்லிதாக இமையில் தடவி, அதன்மேல் சாதாரணப் பொடி ஐ ஷேடோவை ஒற்றிக்கொள்ளலாம். பளபளப்பு அதேதான், வெயிலில் மடிப்பில் திரளும் என்பது மட்டும் குறை. தோல் மருத்துவர்கள் ஒட்டுச் சோதனையில் பல பொருள்களையும் பெட்ரோலியம் ஜெல்லியில் கலந்தே முதுகில் ஒட்டுகிறார்கள். அந்த ஜெல்லி அரிதாகவே ஒவ்வாமை தருவதே அதற்குக் காரணம். யோசஃப் யாடசோன் 1895இல் அறிமுகப்படுத்திய அச்சோதனையின் எளிய வடிவம் வீட்டிலும் இயலும்: புதிய பூச்சை முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை ஒரு வாரம் தடவிப் பார்ப்பது. உதட்டுச்சாயத்தை இமைக்கு இடும் சிக்கனம் மட்டும் வேண்டாம். உதட்டுக்கு அனுமதி பெற்ற சிவப்புகள் சில கண்ணுக்கு அனுமதி பெறாதவை. அரிப்போ வீக்கமோ கண்டால் உடனே கழுவி நிறுத்திவிட வேண்டும். பார்வை மங்கினாலோ வலித்தாலோ கண் மருத்துவரிடம் போவதே முறை.

உறையின் பின்புறத்துப் பொடியெழுத்து பலராலும் படிக்கப்படாமலே குப்பைக்குப் போகிறது. அது வணிகர் மனமிரங்கித் தந்ததன்று; கண்ணை இழந்தவர்கள் பொருட்டுப் பெறப்பட்டது. பூசுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துவிடுவது அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய சிறிய மரியாதை.