கரித்தூள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பருத்தி போடுகிறவர்களிடம் கேட்டால், இந்த நோய்க்கு ஒரே பெயர்தான்: வேரழுகல். எனக்கு அந்தப் பெயரே கொஞ்சம் உறுத்தும். இந்த வேர் சொதசொதவென்று அழுகுவதில்லை. வெயில் ஏறி மண் காயும்போதுதான் செடி சட்டென்று வாடுகிறது. இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்துவிடும். பட்டை நார்நாராகக் கிழிந்திருக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் நின்னுச்சு அண்ணாச்சி" என்பார்கள்.

பட்டையை உரித்தால் கரித்தூளைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பூஞ்சையின் உறங்கும் மணிகள் அவை. செடி செத்த பிறகும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும்.

அறிவியலும் இதற்குப் பெயர் வைக்கத் திண்டாடியிருக்கிறது. 1901இல் இத்தாலியரான தாசி, பூஞ்சையின் வித்துப்பைகளைப் பார்த்து ஒரு பெயர் வைத்தார். 1913இல் அமெரிக்காவில் டாபென்ஹாஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கறுப்பு மணிகளைப் பார்த்து வேறொரு பெயர் வைத்தார். பூசாவில் வேலை பார்த்த பட்லரின் பெயர் ஒட்டிக்கொண்ட 'ரைசோக்டோனியா பட்டாட்டிகோலா' இதிலிருந்து வந்ததுதான். இரண்டு வேஷமும் ஒரே ஆள் என்று தெளிந்த பிறகு, 1947இல் இன்றைய பெயர் நிலைத்தது: மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா. ஆனாலும் நம் நாட்டுப் பயறு ஆராய்ச்சியாளர்கள் பழைய பெயரை விட்டபாடில்லை.

ஆள் ஒன்றுதான், சரி. குணமும் ஒன்றா? எனக்குச் சுவாரசியமான இடம் இதுதான். 1930இல் இலங்கை பேராதனையில் ஹேய்க் என்பவர் மணிகளின் அளவை வைத்தே இதை மூன்று கூட்டமாகப் பிரித்தார். 1980களில் அமெரிக்காவில், சோயா வேரிலிருந்தும் மக்காச்சோள வேரிலிருந்தும் எடுத்த பூஞ்சையைக் குளோரேட் கலந்த ஊடகத்தில் வளர்த்தார்கள். மக்காச்சோளத்துப் பூஞ்சை பெரும்பாலும் அடர்த்தியாக வளர்ந்தது. சோயாவுடையது தடுமாறியது. (சோயா என்றால் நமக்கு மீல்மேக்கர். செடியைப் பார்த்தவர்கள் நம் பக்கம் குறைவு.) தின்னும் வேர் பூஞ்சையிலும் தன் அடையாளத்தை விட்டுவிடுகிறது போல. 2012இல் வங்கதேசத்தில் மக்சூதுல் ஆலம் குழுவினர், சணலைக் கொல்லும் இதே பூஞ்சையின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, 14,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பது தெரிந்தது.

இதெல்லாம் கரிசல்காட்டுக்காரருக்கு எதற்கு? ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் எஸ்.வி.பி.ஆர். என்ற பெயரில் ரகங்களை வெளியிட்டு வருகிறது. எந்த ரகமானாலும், எங்கோ எடுத்த பூஞ்சையைத் தாங்கியது இந்த மண்ணின் பூஞ்சையையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. தாங்காவிட்டால் "விதை சரியில்ல", "மருந்து சரியில்ல" என்று பழி எங்கெங்கோ போகும். பயிரை மாத்திப் போடுங்க என்பதும் இங்கே அரைகுறை யோசனைதான். பருத்திக்கு அடுத்து உளுந்து போட்டால் அதையும் இது தின்னும். சுமார் 500 வகைச் செடிகள் இதற்கு உணவு.

கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். செலவு குறைவு, செய்யலாம். பருத்திமாரை வேரோடு பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுபோகிற வீடுகளில் அந்த மணிகள் கொஞ்சமாவது வெந்து சாம்பலாகும். டிராக்டர் விட்டு மடக்கி உழுதால் அத்தனையும் திரும்ப மண்ணுக்கே.