ரிக்லி ஃபீல்டு, லாஸ் ஏஞ்சல்ஸ்

ரிக்லி ஃபீல்டு, அமெரிக்காவின் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 1925 முதல் 1969 வரை இருந்த பேஸ்பால் மைதானம். பசிபிக் கோஸ்ட் லீக் என்ற சிறு லீக்கின் அணிகளான ஏஞ்சல்ஸும் ஹாலிவுட் ஸ்டார்ஸும் இங்கே ஆடின. பேஸ்பால் தொடர்பான திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் ஹாலிவுட் அதிகம் நாடிய படப்பிடிப்புக் களங்களில் இதுவும் ஒன்று.

அமைப்பு

சூயிங்கம் தொழிலதிபர் வில்லியம் ரிக்லி ஜூனியர் இதைக் கட்டினார். சிகாகோ கப்ஸ் அணியும் அவருடையதே. அந்த அணியின் சிகாகோ மைதானத்துக்கு ரிக்லி ஃபீல்டு என்ற பெயர் வருவதற்கு முன்பே, லாஸ் ஏஞ்சல்ஸ் மைதானம் அப்பெயரைப் பெற்றுவிட்டது. இரண்டையும் வடிவமைத்தவர் ஸக்கரி டெய்லர் டேவிஸ். சிறு லீக் மைதானமாக இருந்தும், மேஜர் லீக் எனப்படும் பெரிய லீக் மைதானங்களைப் போல இரண்டு அடுக்குப் பார்வையாளர் மாடம் இதற்கு இருந்தது. 20,000க்கு மேற்பட்டோர் அமரலாம். நுழைவாயிலில் உயர்ந்து நின்ற மணிக்கூண்டு முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்டது.

படப்பிடிப்புக் களமாக

1958 வரை மேற்குக் கடற்கரையில் மேஜர் லீக் அணி எதுவும் இல்லை. படங்களோ பெரும்பாலும் மேஜர் லீக் கதைகளையே சொல்லின. நியூயார்க்குக்கோ வாஷிங்டனுக்கோ படக்குழுவை அனுப்புவதைவிட, ஸ்டூடியோக்களுக்குப் பக்கத்திலேயே இருந்த இந்த மைதானத்தை அந்த ஊர்களாகக் காட்டுவது எளிதாக இருந்தது.

பேஸ்பால் வீரர் லூ கெரிக்கின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி பிரைட் ஆஃப் தி யாங்கீஸ்’ (1942) இங்கே எடுக்கப்பட்ட படங்களுள் ஒன்று. கேரி கூப்பர் கெரிக்காக நடிக்க, பேஸ்பால் வீரர் பேப் ரூத் தாமாகவே தோன்றினார். ‘டேம் யாங்கீஸ்’ (1958) படத்தில் இது வாஷிங்டன் செனட்டர்ஸின் கிரிஃபித் ஸ்டேடியமாகக் காட்டப்பட்டது. ரிச்சர்ட் ஃபிளைஷர் இயக்கிய ‘ஆர்மர்டு கார் ராபரி’ (1950) விளையாட்டுப் படமே அல்ல. கதையில் மைதான வாசலுக்கு வரும் பண வண்டி கொள்ளையடிக்கப்படுகிறது.

தொலைக்காட்சியில், ‘தி ட்விலைட் ஸோன்’ தொடரின் ‘தி மைட்டி கேஸி’ அத்தியாயம் (1960) இங்கே எடுக்கப்பட்டது. பந்து வீசும் இயந்திர மனிதனைப் பற்றிய கதை அது. பயிற்சியாளராக நடித்த பால் டக்ளஸ் ஒளிபரப்புக்கு முன்பே இறந்துவிட்டதால், தொடரின் படைப்பாளர் ராட் செர்லிங் சொந்தப் பணத்தில் ஜாக் வார்டனை வைத்து டக்ளஸின் காட்சிகளை மீண்டும் எடுத்தார்.

ஹோம் ரன் டெர்பி

மைதானத்துக்குப் பெரும் புகழ் தந்தது 1960இல் ஒளிபரப்பான ‘ஹோம் ரன் டெர்பி’ என்ற தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சி. ஹோம் ரன் என்பது கிரிக்கெட் சிக்ஸர் போன்றது. மிக்கி மேன்டில், வில்லி மேஸ், ஹேங்க் ஆரன் முதலிய பேஸ்பால் வீரர்கள் இருவர் இருவராக மோதினர். மட்டையைச் சுழற்றி ஹோம் ரன் அடிக்கத் தவறினால் அது ஒரு அவுட்; ஓர் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். வென்றவருக்கு 2,000 டாலர், தோற்றவருக்கு 1,000 டாலர். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் தொகுப்பாளர் மார்க் ஸ்காட்டின் அருகில் அமர்ந்து பேசுவார்; பின்னணியில் மாடங்கள் காலியாகக் கிடக்கும்.

இடது எல்லை 340 அடி, வலது எல்லை ஏறத்தாழ 339 அடி என இருபுறமும் சமமாக இருந்ததால், இடக்கை ஆட்டக்காரருக்கோ வலக்கை ஆட்டக்காரருக்கோ தனிச் சாதகம் இல்லை. இருபுறமும் மைய எல்லைக்கும் ஓர எல்லைக்கும் இடைப்பட்ட சுவர்கள் 345 அடியிலேயே இருந்தன. நிகழ்ச்சிக்கு வேண்டிய ஹோம் ரன்கள் எளிதில் கிடைக்க அது உதவியது.

இறுதிக் காலம்

1958இல் நகருக்கு வந்த மேஜர் லீக் அணியான டாட்ஜர்ஸ், கூடுதல் இருக்கைகள் கொண்ட கொலிசியம் விளையாட்டரங்கைத் தேர்ந்தெடுத்தது. புதிதாக உருவான மேஜர் லீக் ஏஞ்சல்ஸ் 1961இல் ஒரு பருவம் மட்டும் இங்கே ஆடியது. அப்பருவத்தில் இங்கே அடிக்கப்பட்ட 248 ஹோம் ரன்கள், ஒரே மைதானத்தில் ஒரு பருவத்துக்கான சாதனையாக 1996 வரை நீடித்தன. 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய மனித உரிமைப் பேரணியும் இங்கே நடந்தது. நிலையான அணி இல்லாமல் போன மைதானம் 1969இல் இடிக்கப்பட்டது. அந்த நிலம் இப்போது பொதுப் பூங்காவாகவும் சமூக நிலையமாகவும் பயன்படுகிறது.