மூன்று மொழிக் கல்லும் ஒரு கிண்ணம் நூடில்ஸும்

சென்ற ஆண்டு, நான் வாழும் ஐரோப்பிய நாட்டிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் டுபாயில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. அங்கு கணக்காளராக வேலை செய்யும் நண்பர் ஒருவர், "ராவைக்குச் சைனீஸ் சாப்பிடுவமா அண்ணே?" என்று கேட்டார். நண்பர் ஹற்றனைச் சேர்ந்தவர். நானோ யாழ்ப்பாணத்தான். சைனீஸ் என்றதும் என் மனதில் வந்தது கொழும்பில் சாப்பிட்ட பிரைட் றைசும் ரோல்ஸும்தான்.

அவர் என்னை இன்ரர்நஷனல் சிற்றி என்ற குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். பாலைவனத்தின் விளிம்பில் 2000களில் எழுந்த பகுதி அது. கட்டடத் தொகுதிகளுக்கு நாடுகளின் பெயர்கள்: சீனா, பாரசீகம், பிரான்ஸ், மொரோக்கோ, கிரேக்கம். பிரான்ஸ் தொகுதியில் இருப்பவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர். அங்கே கண்ணில் பட்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தெற்காசியர்கள். பக்கத்தில் 2004 இல் திறக்கப்பட்ட டிராகன் மார்ட், ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளமாக, டிராகனின் உடல் போல வளைந்து கிடக்கிறது. சீனப் பொருட்களுக்காக அங்கு வந்த வியாபாரிகளோடு அவர்களது சாப்பாடும் வந்தது.

நாங்கள் போனது வடமேற்குச் சீனாவின் லான்சோ நகரத்து மாட்டிறைச்சி நூடில்ஸ் செய்யும் சிறிய கடை. பெயர்ப்பலகையில் சீன எழுத்தும் அரபு எழுத்தும் இருந்தன. ஹலால் உணவைக் குறிக்க சீன முஸ்லிம்கள் எழுதும் இரண்டு எழுத்துகளுக்குத் 'தூய, உண்மையான' என்று பொருள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளைஞர் மாவை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்தார். ஒவ்வொரு மடிப்பிலும் இழைகள் இரண்டு மடங்காகின்றன. ஏழெட்டு மடிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட இழைகள். தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கித் துண்டுகள், கொத்தமல்லி இலை, மேலே மிளகாய் எண்ணெய். கூடவே நற்சீரகம் தூவிச் சுட்ட ஆட்டிறைச்சி. எனக்குத் தெரிந்த 'சைனீஸ்' எதுவும் அதில் இல்லை.

"இதுதான் அசல் போல" என்றேன். நண்பர் சிரித்தார். "அப்ப கொழும்புல நீங்க தின்னது போலியா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

நமது ரோல்ஸ் போலியன்று. இலங்கையில் அதைச் சைனீஸ் ரோல்ஸ் என்றே சொல்வார்கள். இன்று பாரிஸ் லாச்சப்பலிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் அது தமிழரின் பலகாரம். 'சைனீஸ்' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. புலம்பெயர் சிற்றிதழ்களில் இதைப் பண்பாட்டுக் கலப்பு என்று கொண்டாடி எழுதியிருக்கிறோம். நானும் எழுதியவன்தான். ஆனால் உணவு கலந்த கதையை எழுதிய நாம், அந்த உணவின் பெயரில் இருந்த மனிதர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாந்துங், ஹூபே முதலிய மாகாணங்களிலிருந்து சிறு தொகையான சீனர்கள் இலங்கைக்கு வந்தார்கள். சைக்கிளில் துணிமூட்டை கட்டி ஊரூராக விற்றார்கள். பல் கட்டும் தொழில் செய்தார்கள். உணவகங்கள் வைத்தார்கள், கொழும்பின் சைனீஸ் டிராகன் கபே 1942 இல் தொடங்கியது. பிறகு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனோ அதற்கு முந்திய தலைமுறைகளோ அங்கே பிறந்ததை நிறுவவேண்டும் என்றது அது. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே சட்டம்தான் இந்தச் சீனர்களையும் நாடற்றவராக்கியது.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1952 இல் இலங்கையும் சீனாவும் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டன. இறப்பர் போனது, அரிசி வந்தது. அந்த இறப்பர் மரங்களில் பால் வெட்டியவர்களில் குடியுரிமை இழந்த தமிழ்த் தொழிலாளர்களும் இருந்தனர். சீனத்து அரிசிக்கு நாட்டில் இடமிருந்தது; சீனருக்குச் சட்டத்தில் இடமில்லை. சரக்குக்குக் கிடைத்த அனுமதி ஆளுக்குக் கிடைக்கவில்லை.

மலையக மக்களுக்காக 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதரைப் பங்குபோட்ட ஒப்பந்தம் அது. 1988 இலும் 2003 இலும் புதிய சட்டங்கள் தேவைப்பட்டன. இலங்கைச் சீனருக்கான சட்டம் 2008 இல்தான் வந்தது. அறுபது ஆண்டுகள் கழித்து.

"எங்க அப்பாவுக்கு நாப்பது வயசுக்குப் பொறகுதான் நாடு கெடச்சிச்சு. அவரு பொறந்தது அதே தோட்டத்துலதான்" என்றார் நண்பர். நூடில்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் டுபாயில் பிறந்தவர்கள். தகப்பனின் விசாவில் இருக்கிறார்கள். தகப்பனுக்கு வேலை போனால் விசாவும் போகும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாழ்வோரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். அங்கே பிறப்பது குடியுரிமை தராது. அண்மைக் காலத்தில் நீண்டகால விசாவும், தெரிந்தெடுத்த சிலருக்குக் குடியுரிமையும் அறிமுகமாகியுள்ளன. கணக்காளருக்கும் நூடில்ஸ் இழுப்பவருக்கும் அவை எட்டாத் தூரம். ஹற்றனில் மூன்று தலைமுறை கண்டதை இவர் தெரிந்துகொண்டே இன்னொரு நாட்டில் தொடர்கிறார். ஆனால் இவரது பையில் ஒரு கடவுச்சீட்டு இருக்கிறது. திரும்பிப் போக ஒரு நாடு உண்டு. தகப்பனுக்கு நெடுங்காலம் அதுவும் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை மறந்து இரண்டையும் ஒன்றாக்குவது நேர்மையாகாது.

கொழும்பு போனபின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு வந்த, 1409 ஆம் ஆண்டுக்குரிய கல். சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. செங் ஹோ யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1413-15 பயணத்தில் அவரது கப்பல்கள் பாரசீக வளைகுடாவின் வாசலில் உள்ள ஹோர்முஸ் வரை சென்றன. வளைகுடாவின் இக்கரையில், இன்றைய ராஸ் அல் கைமாவின் பழைய துறைமுகமான ஜுல்பாரில், சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. டுபாய்க் கடையில் நான் கண்ட சேர்க்கை புதிதல்ல.

அந்தக் கல்லைத் தமிழின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவோர் நம்மில் உண்டு. கடந்தகாலத்து நல்லிணக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவோரும் உண்டு. கல் வந்த அதே படைதான் 1411 இல் இலங்கை ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை. மூன்று மொழிகள் ஒரு கல்லில் இருந்தால் மூன்று மக்களும் சமமாக இருந்தார்கள் என்று பொருளாகாது. ஒரு தட்டில் மூன்று நாட்டு உணவு இருந்தாலும் அப்படித்தான்.

கலப்பு பற்றிப் பேசவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பேசும்போது சட்டத்தையும் சேர்த்துப் பேசவேண்டும். எவருடைய உணவை ஏற்றுக்கொண்டோம் என்பதோடு, எவருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டபோது பேசாதிருந்தோம் என்பதும் நமது வரலாறுதான். மலையக மக்களின் குடியுரிமைப் பறிப்பைத் தமிழரசுக் கட்சியின் தோற்றத்துக்கு ஒரு காரணமாக நாம் பாடமாகச் சொல்கிறோம். அதே சட்டத்தில் சிக்கிய சீனத் துணி வியாபாரி, எங்கள் ஊர்க் கதைகளில் ஒரு வேடிக்கை மனிதராக மட்டும் மிஞ்சினார்.

கடையை விட்டு வெளியே வரும்போது நண்பரிடம், "பிள்ளையளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டேன். "இந்த நூடில்ஸ்தான் அண்ணே. இது டுபாய்ச் சாப்பாடுன்னு நெனச்சிக்கிட்டிருக்காங்க" என்றார்.

பிள்ளைகள் நினைப்பது சரி. அது டுபாய்ச் சாப்பாடுதான். அந்தப் பிள்ளைகள் எந்த ஊரார் என்பதற்குத்தான் சட்டத்தில் இன்னும் விடையில்லை.