கைக்குள் அடங்கும் துப்பாக்கியும் எங்கள் மலையோரமும்

வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எல்லாப் பொருளுக்கும் இரண்டு பேர் தெரியும். கிழக்கே பார்த்துப் பேசினால் துப்பாக்கி, மேற்கே பார்த்துப் பேசினால் தோக்கு. இரண்டும் துருக்கிச் சொல்லான 'துஃபெக்'கிலிருந்து பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நடந்து வந்தவைதான். ஆனால் எங்கள் ஊரில் இந்த இரண்டு சொல்லுக்கும் மனதில் வரும் உருவம் ஒன்றே. ஆள் உயரத்துக்குக் கிட்ட, தோளில் சாத்திக்கொண்டு போகும் நீளக் குழல். சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் துப்பாக்கி என்று ஒன்று இருப்பதை நாங்கள் சினிமாவில்தான் பார்த்தோம்.

இப்போது இருப்பது டெக்ஸாஸில். இங்கே அப்படிப்பட்டது ஒன்று கண்ணில் படாமல் ஒரு வாரம் போவது கஷ்டம். 'டெரிஞ்சர்' என்பது இதன் பெயர். ஃபிலடெல்ஃபியாவில் ஹென்றி டெரிஞ்சர் (1786–1868) என்றொரு துப்பாக்கிக் கொல்லர் இருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற, ஒரே ஒரு குண்டு போடுகிற, பெரிய வாய்க்குழல் கொண்ட கைத்துப்பாக்கிகள் செய்தார். நன்றாக விற்றது, ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். காப்பியடித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவர் பெயரில் இன்னொரு 'ர'வையும் நுழைத்துவிட்டார்கள். இன்று அகராதியில் இருப்பது அந்தத் தப்பான எழுத்துதான். மனுஷன் பேர் போச்சு, பொருள் பேர் நின்றது.

1865 ஏப்ரல் 14 இரவு, ஃபோர்டு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கனின் தலைக்குப் பின்னால் ஜான் வில்க்ஸ் பூத் நீட்டியது இந்த டெரிஞ்சரைத்தான். 44 காலிபர் (காலிபர் என்றால் குழலின் உள்விட்டம், அங்குலத்தின் நூற்றிலொரு பங்குக் கணக்கில்). அதில் இரண்டாவது குண்டு கிடையாது. சுட்டதும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்துத்தான் பூத் தப்பிக்க வழி தேடினான். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மணியாச்சிக்குப் போகும்போது வேண்டும்.

அடுத்த வருஷமே, 1866ல், ரெமிங்டன் கம்பெனி ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல் வைத்த மாடலைக் கொண்டுவந்தது. 1935 வரை விற்றார்கள், ஏறத்தாழ ஒன்றரை லட்சம். அதன் தோட்டா 41 ரிம்ஃபயர், வேகம் வினாடிக்குச் சுமார் 425 அடிதான். சீட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு அது போதும், நாலு மேஜை தள்ளி இருப்பவனைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இன்றைக்கு இதே மாநிலத்தில் கிரான்பரி என்கிற ஊரில் பாண்ட் ஆர்ம்ஸ் கம்பெனி செய்கிற டெரிஞ்சரில் குழலை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒரே பிடிக்கு 9 மி.மீ., 357 மேக்னம், 45 கோல்ட், 410 சிதறு தோட்டா என்று எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடையதைச் சுட்டுப்பார்க்கத் தந்தார். இரண்டே இரண்டு ரவுண்டு. மணிக்கட்டு அன்று சாயங்காலம் வரை முனகியது. துப்பாக்கி சின்னதாக ஆக ஆக உதை பெரிதாகும் என்பது இயற்பியல், அன்று அது எனக்கு உடம்பில் ஏறியது :-)

சரி, இதற்கும் பாலக்காட்டுக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்ன, இவ்வளவு மலிவான சாமான், கப்பல் கப்பலாக வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கிய நம் பக்கத்துக்கு ஏன் வந்து ஒட்டவில்லை?

வந்தது, வேறு உருவத்தில். 'ஹௌதா பிஸ்டல்' என்று பெயர். ஹௌதா என்றால் யானை அம்பாரி. அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டை ஆடும் துரைமார், அடிபட்ட புலி யானை மேலேயே பாய்ந்து ஏறிவிட்டால் கடைசி நேரத்துக்கு என்று வைத்துக்கொண்ட இரட்டைக் குழல் கைத்துப்பாக்கி. தத்துவம் டெரிஞ்சருடையதேதான்: கைக்கெட்டும் தூரம், ஒன்றிரண்டு குண்டு, முடிந்தவரை பெரிய காலிபர். அளவு மட்டும் ராட்சசம். 577 ஸ்னைடர் ரைபிள் தோட்டாவையே கைத்துப்பாக்கியில் போட்டுச் சுட்டார்கள். லண்டன் சார்லஸ் லங்காஸ்டர் கடையில் நாலு குழல் வைத்தே செய்து விற்றார்கள். ஆனால் அம்பாரி வேட்டை வடக்கே தராய்ப் புல்வெளிச் சமாச்சாரம். நம் ஆனைமலையிலும் உயர்மலைச் சரிவிலும் வேட்டை நடந்தது கால்நடையாகத்தான். 1862ல் ஆனைமுடி உச்சிக்கு ஏறிய டக்ளஸ் ஹாமில்டன் முதல், கண்ணன் தேவன் தோட்டங்களின் துரைமார் வரை எல்லோரும் நம்பியது நீளத் துப்பாக்கியை. காட்டெருமைக்கும் யானைக்கும் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு போகிறவனுக்கு வீட்டில் படம் மாட்டிவிடுவார்கள்.

அங்கேயும் காலிபர் ஒரு அரசியல். 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் 450 காலிபரைத் தடை செய்தது. காரணம், பழைய மார்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் நிறைய கள்ளத்தனமாகக் கைமாறியிருந்தன. வேட்டைக்கென்று வரும் 450 குண்டு அவற்றுக்குத் தீனியாகிவிடும் என்ற பயம். துரைமார் பாடு திண்டாட்டம், லண்டன் கடைக்காரர்கள் பாடு கொண்டாட்டம். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு 465, 470, 475 என்று புதுக் காலிபர்களை வரிசையாகக் கண்டுபிடித்து விற்றார்கள். இன்றும் ஆப்பிரிக்காவில் பெருவேட்டைக்காரர்கள் போற்றும் 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், இந்தியனுக்குத் தோட்டா கிடைக்கக்கூடாது என்ற கவலையில் பிறந்த பிள்ளை.

அந்தக் கவலைக்கு வயது அதிகம். 1801ல் பாளையக்காரர் போர் முடிந்ததும் திருநெல்வேலிச் சீமையில் ஆயுதம் பறித்தார்கள். 1805ல் பழசி ராஜா விழுந்த பிறகு மலபாரிலும், 1809ல் வேலுத்தம்பி தளவாய்க்குப் பிறகு திருவிதாங்கூரிலும் அதே வேலை. மலபாரில் துப்பாக்கிக்கு முன்னாலேயே கத்திக்குத் தடை வந்துவிட்டது: 1854ல் மாப்பிள்ளைமார் வைத்திருந்த போர்க்கத்திக்கென்றே தனிச் சட்டம். அதை நடத்திக்காட்டிய கலெக்டர் கொனொலி மறு வருஷமே, 1855ல், வெட்டிக் கொல்லப்பட்டார். பிறகு 1878ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம். இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியனுக்குப் பெரும்பாலும் வேண்டாம். 1918ல் கேடாவில் காந்தி பட்டாளத்துக்கு ஆள் சேர்த்தபோது, இந்தச் சட்டத்தைப் போகவைக்க இதுவே வழி என்றும் வாதாடினார். அகிம்சைக்காரர் ஆயுதச் சட்டத்தைத் திட்டிய கதையை நம் பாடப்புத்தகங்கள் ஓரமாக விட்டுவிடும்.

எல்லாருக்கும் ஒரே கதி என்றும் இல்லை. வடக்கே குடகில் 1861ல் கொடவர்களுக்குக் கொடுத்த விலக்கு இன்னும் ஓடுகிறது. 2019ல் பத்து வருஷம் நீட்டினார்கள். அதே மேற்குத் தொடர்ச்சி மலை, அதே பன்றி, அதே யானை. கொடவர் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம், எங்கள் ஊர்க்காரர் வைத்தால் ஜாமீன் இல்லாத கேஸ்.

இனி மணியாச்சி. 1911 ஜூன் 17 காலை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டெஸ்கோர்ட் ஆஷ், மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகும் வழியில், கொழும்பு மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருக்கிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன் ஏறிப்போய்ச் சுட்டார், இறங்கி ஓடி நிலையக் கழிப்பறையில் தன்னையும் சுட்டுக்கொண்டார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது இரண்டு. ஒன்று, செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956ல்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. வாஞ்சி உத்தியோகம் பார்த்தது மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். இன்றைய கணக்கில் பார்த்தால் எல்லைப்புறத்துக் கேரள அரசு ஊழியர். இரண்டாவது, அந்தத் துப்பாக்கி. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக்.

அமெரிக்கர் ஜான் பிரௌனிங் வரைந்து, பெல்ஜியத்து எஃப்.என். ஆலை 1900லிருந்து செய்த இந்த ரகம்தான் டெரிஞ்சரை வீட்டுக்கு அனுப்பியது. 7.65 மி.மீ. தோட்டா, தட்டையான உடம்பு, வேட்டி மடிப்பிலும் தெரியாது, விசையை அழுத்த அழுத்த அடுத்தது வரும். 1909ல் லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங்குகளை ஒரு ஆளின் பெட்டியில் மறைத்து பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று அந்த வருஷம் டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. அதே இந்தியா ஹவுஸில் இருந்த வ.வே.சு. ஐயர் பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தார். கரடிக்குப்பத்தில் வாஞ்சிக்குச் சுடப் பழக்கியவர் அவர். பிரெஞ்சுக்காரன் ஊரில் பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது.

ஒரு டெரிஞ்சராக இருந்திருந்தால்? ஆஷுக்கு ஒன்று போதும், பூத்துக்குப் போதுமானது போல. கழிப்பறைக்குள் என்ன செய்திருப்பார்? உயிரோடு பிடிபட்டிருந்தால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும், இன்னும் எத்தனை பேர் உள்ளே போயிருப்பார்களோ. தோட்டாக் கூட்டில் மிச்சமிருந்த ஒரு குண்டு அந்த வாயை அடைத்துவிட்டது.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 14 பேர் மேல் குற்றச்சாட்டு, முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர்: பாலக்காடு பக்கம் மங்கரையில் பிறந்த சேற்றூர் சங்கரன் நாயர். 1897ல் காங்கிரஸ் தலைவர், பின்னால் 1919ல் ஜாலியன்வாலா பாக்கைக் கண்டித்து வைஸ்ராய் கவுன்சிலை உதறியவர். 1912ல் தீர்ப்பு வந்தபோது மற்ற இருவரோடும் ஒத்துப்போகாமல் தனியாக எழுதினார். நீலகண்டனுக்கு ஏழு வருஷம், வாஞ்சியோடு மணியாச்சிக்குப் போன சங்கரகிருஷ்ணனுக்கு நாலு வருஷம். மணியாச்சி என்றதும் நம் ஆட்கள் வாஞ்சியை மட்டும் சொல்வார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மாற்றுத் தீர்ப்பு எழுதிய அந்தப் பாலக்காட்டுக்காரரையும் சேர்த்துச் சொல்லலாம் என்பது என் கட்சி.

சுதந்திரம் வந்தால் சட்டம் போகும் என்று நினைத்தவர்கள் உண்டு. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒரு வரியாக இருந்தது. 1948ல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கப் பார்த்தார். அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை, விழுந்துவிட்டது. 1959ல் வந்த புதுச் சட்டம், பழைய சட்டத்தின் எலும்புக்கூட்டில்தான் நின்றது. ராணுவக் காலிபர் குடிமகனுக்கு இல்லை என்கிற விதியும் அப்படியே. 303 கூடாது என்பதால் இஷாப்பூர் ஆலை 315 ரைபிள் செய்தது, 9 மி.மீ. கூடாது என்பதால் கைத்துப்பாக்கி என்றால் 32. 2014ல் கான்பூர் ஆலை பெண்களுக்கென்று சொல்லி வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரும் அதே 32தான், அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். யார் பையில் போட்டுக்கொண்டு போகிற விலை இது?

இந்தியாவின் நிஜமான டெரிஞ்சர் வடக்கே இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல். 'கட்டா' என்பார்கள், தமஞ்சா என்றும் சொல்வார்கள். ஒற்றைக் குழல், ஒரு தோட்டா, பெரும்பாலும் அந்த 315. பதினெட்டாம் நூற்றாண்டில் மீர் காசிம் ஆயுதப் பட்டறை வைத்த பீகார் முங்கேர் இன்றும் அதற்குப் பேர்போன ஊர். ரைபிளுக்கான தோட்டாவை ஒரு சாண் குழாயில் போட்டு வெடித்தால், எதிரே இருப்பவனுக்கும் பிடித்திருப்பவனுக்கும் ஏறத்தாழ சம ஆபத்து.

எங்கள் மலையோரத்தில் இதற்கும் பழக்கமில்லை. இடுக்கி மலைகளுக்கு 1940களில் 'அதிக உணவு உற்பத்தி' காலத்தில் ஏறிய குடியேற்றக்காரர்களுக்கும், பாலக்காட்டில் காட்டோரம் கிழங்கு போடுகிறவர்களுக்கும் தேவைப்பட்டது பன்றியை விரட்ட ஒரு குழல். கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நார் வைத்து இடித்து, ஈய ரவை போட்டு, கேப் மாட்டிச் சுடுகிற வாய்வழித் துப்பாக்கி. லைசென்ஸோடு சில, ஊர்க்கொல்லன் செய்த கள்ளத்தோக்காகப் பல. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதைக் கொண்டு எதையும் சுட முடியாது, சத்தம் காட்டலாம்.

2023 ஜனவரி 22 அன்று பாலக்காடு தோணியில் பி.டி. 7 என்ற காட்டு யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அதன் உடம்பில் ஏறத்தாழ 15 ரவை. பிறகு ஒரு கண்ணில் பார்வையும் போனது தெரியவந்தது. யானையைச் சுட்டவன் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனால் அந்த ரவையால் யானை சாகாது, வெறியேறித் திரும்பி வரும் என்பது தெரிந்தும் சுட்டிருக்கிறான் என்றால், அவன் வயலில் எத்தனை ராத்திரி கழிந்திருக்கும் என்ற எண்ணமும் வராமல் இல்லை.

2022 மே மாதம் கேரள அரசு, காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களிடம் கொடுத்தது. விஷம் கூடாது, வெடி கூடாது, கரண்ட் கூடாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் வந்து சுடவேண்டும். பஞ்சாயத்து ஆபீசில் அப்படிப்பட்டவர்கள் பட்டியல் எடுத்தால் ரொம்பச் சின்னது. அதிலும் பலர் அப்பாவின் பேரில் இருந்த துப்பாக்கியை மாற்றி வாங்கி வைத்திருப்பவர்கள். அவர்களும் தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும், ஓட்டு எண்ணி முடியும் வரை அங்கேயே இருக்கும். அந்த வாரங்களில் கப்பைக் காட்டுக்குக் காவல், ஒரு டார்ச் லைட்டும் தகர டின்னும்தான்.