பறையும் தவிலும் பாண்டும்: ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நினைவுகள்

எமது பாடசாலையின் கலை வளர்ச்சி பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். கலைவிழாக்களும் பரிசு பெற்றவர்களின் பெயர்களும் வேறு கட்டுரைகளில் வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கு வரலாறும் தமிழும் கற்பித்தவள் என்ற முறையில் நான் மேளங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எந்த மேளம் எமது வாசலுக்குள் வந்தது, எது வெளியே நின்றது என்று பார்த்தாலே இந்த ஊரின் கதை பாதி விளங்கிவிடும்.

வலிகாமத்துப் பிள்ளைகளுக்குத் தவிலைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. இணுவிலும் அளவெட்டியும் பெரியமேளத்துக்குப் பேர்போன ஊர்கள். இணுவில் விசுவலிங்கம் அவர்களின் மகனாக 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தி, தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து பார்த்த தவில் மேதை. 1975இல் அவர் காலமானபோது வயது 41 மட்டுமே. பலா மரத்தைக் குடைந்து செய்த அந்தக் கனமான வாத்தியத்தைத் தோளில் மாட்டி, வலக்கை விரல்களில் கூடுகள் அணிந்து, இடக்கைக் கழியால் அடிப்பதைத் திருவிழா இரவுகளில் விடியவிடியப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பார்த்ததோடு சரி. பெண்பிள்ளை தவில் பழகுவது என்ற பேச்சே அக்காலத்தில் எழவில்லை.

மிருதங்கம் வேறு வழியாக வந்தது. 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தியதால் வாய்ப்பாட்டும் வீணையும் நடனமும் பெண்பிள்ளைகளுக்கு ஏற்ற படிப்பாயின. அவற்றின் பின்னால் மெதுவாக மிருதங்கமும் வந்தது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பின்னர், இசையைப் படித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பெற்றோருக்கு உண்டானது. நம்மவர்களுக்குச் சான்றிதழ் இருந்தால் எதுவும் கௌரவமாகிவிடும்!

பறைக்கு அப்படி ஒரு சான்றிதழ் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அது பழைமையான சொல். தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருள்களுள்ளும் பறையை வைத்து எண்ணுகிறது. பறைதல் என்றால் சொல்லுதல். "சும்மா பறையாதை" என்று எங்கள் அம்மம்மாமார் ஏசுவதும் அந்தச் சொல்லைக் கொண்டுதான். ஆனால் எமது ஊரில் பறைமேளம் என்றால் செத்தவீடு. படலைக்கு வெளியே ஓலை கொளுத்தித் தோலைக் காய்ச்சிவிட்டு, பிரேதம் எடுக்கும்வரை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அடிப்பவர் வளவுக்குள் வரக்கூடாது. வரமாட்டேன் என்று சொல்லவும் முடியாது. அது கலையாகக் கணிக்கப்படவில்லை, தொழிலாகவும் கணிக்கப்படவில்லை, கடமை என்றே விதிக்கப்பட்டிருந்தது.

பாடசாலைகளும் இதற்கு விலக்கல்ல. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டுமென்று அரசு பணித்தபோது குடாநாட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1924இல் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், சம ஆசனத்துக்காக நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கோயில் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அதன் பின்னர் வந்தவை.

நான் ஆசிரியையாகச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். எட்டாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரியான பிள்ளை ஒருத்தி இருந்தாள். பெயரை எழுதமாட்டேன். பெரிய செத்தவீடு ஏதும் நடந்தால் மறுநாள் வரமாட்டாள். தகப்பனார் அடிப்பதை வழியில் கண்ட பிள்ளைகள் வகுப்பில் மேசையில் தட்டிக் காட்டுவார்களாம். சில மாதங்களின் பின் அவள் ஒரு நாளும் தவறாமல் வரத் தொடங்கினாள். தகப்பனார் பறையைக் கீழே வைத்துவிட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த ஆண்டுகளில் பல கிராமங்களில் இப்படி நடந்தது. இனி எவருக்கும் அடிக்கமாட்டோம் என்று ஒன்றுகூடி முடிவெடுத்தார்கள். வருமானம் போனது, மிரட்டல்கள் வந்தன. ஒரு கலை அழிந்துவிட்டது என்று இன்று வருந்துகிறவர்கள், அதைக் கைவிட்டதும் ஓர் உரிமைப் போராட்டம் என்பதை மறக்கக்கூடாது.

இதற்கிடையில் எமது மைதானத்தில் முழங்கியது பாண்ட் வாத்தியம். சீருடையும் தொப்பியும் அணிந்து சைட் ட்ரம் அடித்துக்கொண்டு பிள்ளைகள் அணிநடை போனபோது எந்தப் பெற்றோரும் குறை சொல்லவில்லை. அதுவும் தோலும் தடியும்தான், ஆனால் கடல் கடந்து வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது அந்த ட்ரம்கள் களஞ்சிய அறையிலே கிடந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது வளையங்கள் மட்டும் இருந்தன.

இனி இன்றைய செய்திக்கு வருகிறேன். எமது பழைய மாணவிகள் இருவர் அயலிலுள்ள சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் பெண்பிள்ளைகளுக்குப் பறை பழக்குகிறார்கள். தமிழ்நாட்டில் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையடிப்பதைக் காணொளியில் பார்த்து வந்த ஆர்வம் இது. முதலில் அங்குள்ளதுபோன்ற ஒருமுகப் பறையையே வாங்கினார்கள். எமது ஊர்ப் பறைமேளமோ உருளை வடிவானது, இரண்டு பக்கமும் தோல் உள்ளது. அதன் அடிகளைப் பழக்க இங்கே இன்னும் சில முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும்படி சொன்னவள் நானே. முதலில் ஒரு முதியவர் கதவைத் திறக்கவில்லை. இப்போது வருகிறார், கதிரையில் இருந்து பழக்குகிறார்.

கணக்கில் கெட்டிக்காரியாக இருந்த அந்தப் பிள்ளைக்கு இன்று பேரப்பிள்ளைகள் உண்டு. பேத்தி குழுவில் சேரக் கேட்டபோது அவள் என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், ஐயா அதைக் கீழை வைக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இப்ப கலை எண்டு சொல்லினம். அண்டைக்கு ஆர் சொன்னவை?"

நான் மறுமொழி சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவளே தொடர்ந்தாள்.

"எல்லாக் குறிச்சிப் பிள்ளையளும் தூக்கட்டும். அப்ப என்ரை பேத்தியும் தூக்குவாள். எங்கடை பிள்ளையள் அடிக்க, மற்றவை நிண்டு பாக்கிறதெண்டால் வேண்டாம்."

அதை நான் குழுவினரிடம் அப்படியே சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள். கூலிக்கு எங்கும் போவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். இரண்டு வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளை மறித்துவிட்டனர். அவற்றுள் ஒன்று குருமார் குடும்பம், மற்றது முன்னர் பறையடித்த குடும்பம். இரண்டு மறுப்பையும் நான் ஒன்றாகக் கருதவில்லை. மிஞ்சிய பதினொரு பிள்ளைகள் பழகுகிறார்கள், அவர்களுள் அந்தப் பேத்தியும் ஒருத்தி. நூற்றாண்டு நடைபவனியில் பாண்ட் குழுவுக்குப் பின்னால் வருமாறு ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. முன்னால் வருவதாக இருந்தால் வருகிறோம் என்று பிள்ளைகள் அதிபருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.