தொட்டியும் ஏரியும்: சென்னையின் மேற்குப் புறநகரில் வண்ணமீன் வளர்ப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகரில் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று பரவலான வழக்கமாகும். மேலைநாட்டுப் பொழுதுபோக்கு ஒன்று நடுத்தர வகுப்பினரிடம் பரவியதன் விளைவு என்றே இவ்வழக்கம் பொதுவாக விளக்கப்படுகின்றது. அரசுக் காட்சிச்சாலை, கொசு ஒழிப்பு, கொளத்தூரின் வீட்டுப்புறக் குஞ்சு உற்பத்தி ஆகிய மூன்று வழிகளில் வண்ணமீன் இவ்வட்டாரத்தை வந்தடைந்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. தொட்டியின் வரலாற்றை ஏரிகளின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது என்பது இதன் துணிபாகும்.

திறவுச்சொற்கள்: வண்ணமீன், கொளத்தூர், அம்பத்தூர், ஏரி, அயல்மீன், கடல்மீன் தொட்டி.

முன்னுரை

தமிழ்நாட்டு மீன்வள வரலாறு பெரும்பாலும் உணவுமீனின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கடல் மீன்பிடிப்பு, முத்துக்குளித்தல், இறால் பண்ணை ஆகியவை பற்றிய ஆய்வுகள் பல உள. உண்பதற்கன்றிப் பார்ப்பதற்காக வளர்க்கப்படும் மீன் வேளாண் வரலாற்றிலும் இடம்பெறவில்லை. நகர வரலாற்றிலும் இடம்பெறவில்லை. ஆயினும் மேற்குப் புறநகரையொட்டிய கொளத்தூர், நாட்டின் முதன்மையான வண்ணமீன் உற்பத்தி மையங்களுள் ஒன்றாக அறியப்படுகின்றது. இத்தொழில் ஏன் இவ்விடத்தில் வேரூன்றியது, அதனால் இவ்வட்டார நீர்நிலைகளுக்கு நேர்ந்தது யாது என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை காண முயல்கின்றது.

மீனைப் பார்த்து மகிழ்தல் தமிழர்க்குப் புதியதன்று. கோயில் தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி இடுதல் இன்றும் நிலவும் வழக்கமாகும். அங்கு மீன் பொது நீருக்கு உரியது. அதனைக் காண்போரும் பலராவர். கண்ணாடித் தொட்டி இவ்வுறவை மாற்றியது. மீன் ஒரு குடும்பத்தின் உடைமையாயிற்று. அதன் நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பும் அக்குடும்பத்தையே சார்ந்தது. இம்மாற்றம் நிகழ்ந்த வழிகளை இனிக் காணலாம்.

காட்சிச்சாலை வழி

ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டி வளர்ப்பு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடிவம் பெற்றது. இலண்டன் விலங்கியல் தோட்டத்தின் மீன்காட்சி இல்லம் 1853இல் திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'தி அக்வேரியம்' என்னும் நூல் வெளிவந்து இவ்வார்வத்தைப் பரப்பியது. இந்திய மீன்களைப் பற்றிய முறையான அறிவும் அந்நூற்றாண்டிலேயே திரண்டது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, இந்திய மீன்கள் குறித்த தம் பெருநூலை 1875 முதல் 1878 வரை வெளியிட்டார்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் உருவான மெரினா மீன்காட்சியகம் 1909இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மாகாண மீன்துறை சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் தோன்றியதை இத்துடன் இணைத்து நோக்குதல் வேண்டும். மீனை அறிவதும் மீன்வளத்தைப் பெருக்குவதும் மீனைக் காட்டுவதும் ஒரே காலத்தில் அரசின் பணிகளாயின. இக்காட்சியகம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது. மும்பையில் 1951இல் திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன்காட்சியகம் போன்றதொரு நிலையான மையம் அதன்பின் நெடுங்காலம் சென்னைக்கு வாய்க்கவில்லை. காட்சிச்சாலையைப் பார்த்து மக்கள் வீட்டில் மீன் வளர்க்கத் தொடங்கினர் என்னும் நேர்கோட்டு விளக்கம் இவ்விடத்தில் வலுவிழக்கின்றது.

கொசு ஒழிப்பு வழி

இரண்டாவது வழி பொதுச் சுகாதாரமாகும். மலேரியாவைக் கொசு பரப்புவதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தபின், கொசுப்புழுவைத் தின்னும் மீன்கள் மருத்துவத் துறையின் கருவிகளாயின. தென்னமெரிக்காவைச் சேர்ந்த கப்பி மீன் 1908ஆம் ஆண்டளவிலும், கம்பூசியா மீன் இத்தாலி வழியாக 1928இலும் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டன. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் கொசுவால் நகர மலேரியாவிற்கு ஆட்பட்ட சென்னையில் இம்மீன்கள் கிணறுகளில் விடப்பட்டன. இன்றும் உள்ளாட்சி அமைப்புகள் இம்முறையைக் கையாள்கின்றன.

கப்பியின் இயல்புகள் மூன்று இங்குக் கருதத்தக்கவை. அது முட்டையிடாமல் குஞ்சு ஈனும். மாசுற்ற நீரையும் தாங்கும். விரைவாக இனம் பெருகும். கிணற்றுக்குப் பொருத்தமான இவ்வியல்புகளே தொடக்கநிலை வளர்ப்பாளருக்கும் பொருத்தமாயின. பொழுதுபோக்கு மீனாகக் கடைக்கு வருமுன்பே கப்பி அரசின் சுகாதாரப் பணியாளராக இந்நிலத்துக்கு வந்துவிட்டது. ஆகவே, வண்ணமீனின் வரவை நுகர்வுப் பண்பாட்டின் வரலாறாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

கொளத்தூர்: வீட்டுப்புறத் தொழில்

மூன்றாவது வழி சிறு உற்பத்தியாளரின் உழைப்பாகும். குளத்தூர் என்பதன் மரூஉவாகக் கொள்ளத்தக்க கொளத்தூர், ரெட்டேரியை ஒட்டி அமைந்துள்ளது. அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்வது இவ்வட்டாரத்தின் பழைய நீரோட்ட முறையாகும். ஏரித்தொடரின் தாழ்நிலப் பகுதியில் நிலத்தடி நீர் ஆழமின்றிக் கிடைத்ததும், நகரச் சந்தைக்கு மிக அண்மையில் காலிமனைகள் இருந்ததும் மீன்வளர்ப்புக்கு ஏற்ற சூழலாயின.

வளர்ப்பு முறை எளிமையானது. வீட்டின் பின்புறத்திலோ மொட்டைமாடியிலோ சிமெண்ட் தொட்டிகள் கட்டப்படுகின்றன. வசதி குறைந்தோர் மண்ணில் குழி வெட்டிப் பாலித்தீன் விரிப்பு இடுகின்றனர். கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய குஞ்சு ஈனும் மீன்களில் தாய் தன் குஞ்சையே தின்றுவிடுவதால், ஈன்ற உடனே குஞ்சுகளைப் பிரித்தெடுத்தல் வேண்டும். தங்கமீன் தன் முட்டைகளைச் செடிகளில் ஒட்டவிடுவதால் ஆகாயத்தாமரையின் வேரோ, பிரித்த நைலான் கயிறோ தொட்டியில் இடப்படுகின்றது. சண்டைமீனின் ஆண் நீர்ப்பரப்பில் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். வளர்ந்த ஆண்கள் ஒன்றையொன்று தாக்குவதால் அவை தனித்தனிப் புட்டிகளில் வைக்கப்படுகின்றன. குஞ்சு பிரித்தல், உணவிடுதல், நிறம் பார்த்துத் தரம் பிரித்தல், ஆக்சிஜன் நிரப்பிய பையில் கட்டுதல் ஆகிய பணிகள் வீட்டு வேலையுடன் இணைந்தே நடைபெறுகின்றன. இதனால் இவற்றில் ஈடுபடும் பெண்களின் உழைப்பு தனித் தொழிலாகக் கணக்கிடப்படாமல் போகின்றது.

இத்தொழிலின் மறுபக்கத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். குஞ்சுகளுக்கும் வளர்மீன்களுக்கும் உயிருணவாகும் டியூபிபெக்ஸ் புழுக்கள் கழிவுநீர்க் கால்வாய்ச் சேற்றில் செழிப்பவை. தூய நீர் நிறைந்த வரவேற்பறைத் தொட்டியின் உணவு, நகரின் சாக்கடையிலிருந்து சேகரிக்கப்படுகின்றது. அச்சேற்றில் இறங்கி வேலை செய்வோர் தொட்டியின் வரலாற்றில் பெயரற்றவர்களாகவே உள்ளனர்.

வீட்டுத் தொட்டியும் நீரின் தன்மையும்

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. பெரம்பூரையும் வில்லிவாக்கத்தையும் ஒட்டிய இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இலும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இலும் செயற்பாட்டுக்கு வந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1960களில் உருவாயிற்று. மாதச்சம்பளம் பெறும் தொழிலாளர், அலுவலர் குடும்பங்கள் வயல்களும் ஏரிப்பாசன நிலங்களும் இருந்த இடத்தில் குடியேறின. வயலும் வாய்க்காலும் மனைகளாக மாறிய காலமே வண்ணமீனுக்கான சந்தை அருகிலேயே உருவான காலமுமாகும்.

தொழில்நுட்ப மாற்றமும் இதற்குத் துணைசெய்தது. இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதித்த பழைய தொட்டிகள் கனமானவை, எளிதில் துருப்பிடிப்பவை. 1960கள் முதல் உலக அளவில் பரவிய சிலிக்கோன் பசை, கண்ணாடியைக் கண்ணாடியுடனேயே ஒட்டச் செய்தது. இதன்பின் தொட்டி செய்வது சிறு கடைகளிலும் இயலும் பணியாயிற்று.

தொட்டியில் எம்மீன் வாழும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது நீராகும். புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் கடினத்தன்மை உடையது. மோலி, கப்பி போன்றவை கடினநீரில் செழிப்பவை; அமேசான் ஆற்றுப்படுகையின் டெட்ரா, டிஸ்கஸ் ஆகியவை மென்னீரை நாடுபவை. ஆகவே முன்னவை எளியோர் வீட்டு மீன்களாகவும், சவ்வூடு பரவல் கருவியால் வடிகட்டிய நீரை வேண்டும் பின்னவை வசதியுடையோரின் மீன்களாகவும் அமைவது இயல்பாகும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையில் குடிநீரே லாரியில் வந்தது. தொட்டியின் நீரை வாரந்தோறும் ஒரு பகுதி மாற்றும் வழக்கம் அப்போது அறம்சார்ந்த கேள்வியாகவும் எழுந்தது.

கடல்மீன் தொட்டியும் சட்டமும்

கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே அமைந்த ஆவடியில் கடல்மீன் வளர்ப்போர் கடல்நீரையே உருவாக்க வேண்டியவராயினர். வடிகட்டிய நீரில் செயற்கை உப்புக்கலவை சேர்த்து, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்புத்தன்மை பேணப்படுகின்றது. மீன்கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்குச் சில வாரங்கள் காத்திருத்தல் எல்லாத் தொட்டிகளுக்கும் பொதுவான நெறியாயினும், கடல்மீன் தொட்டியில் அதனை மீறுவோர்க்கு இழப்பு மிகுதியாகும்.

நன்னீர் மீன் பண்ணையில் பிறப்பது; கடல்மீனோ பெரும்பாலும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுவது. சட்டம் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே வளர்ந்தது. 2001 ஜூலையில் பவளங்களும் கடற்குதிரைகளும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அன்றுமுதல் உயிர்ப்பவளத் தொட்டி என்பது சட்டத்துக்குப் புறம்பான அழகாயிற்று. கோமாளிமீனைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்வதில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் பெற்ற வெற்றி, பாறையைச் சிதைக்காத மாற்று வழி உண்டென்பதைக் காட்டியது.

2017 மே மாதத்தில் மைய அரசு வெளியிட்ட மீன்தொட்டிக் கடை விதிகள், 158 வகைக் கடலுயிர்களின் காட்சிக்கும் விற்பனைக்கும் தடை விதித்ததோடு, கடைகளில் முழுநேர வல்லுநர் இருத்தல் வேண்டும் என்றும் கூறின. அவை பின்னர்த் திரும்பப் பெறப்பட்டன. மீன்களின் துயரைக் கருதிய அவ்விதிகளின் நோக்கம் மறுக்கத்தக்கதன்று. எனினும் வல்லுநருக்கு ஊதியம் தரக்கூடிய பெருங்கடையையே அவை மனத்திற்கொண்டிருந்தன. நான்கு சிமெண்ட் தொட்டிகளுடன் பிழைக்கும் குடும்பம் அவற்றின் பார்வைக்குள் வரவில்லை. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் இதற்கு மாறாக, வீட்டுப்புற வண்ணமீன் அலகுக்கு 3 இலட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப்பிரிவினர்க்கு 40 விழுக்காடும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோர்க்கு 60 விழுக்காடும் மானியம் வகுத்தது. ஒரே தொழில் சில ஆண்டு இடைவெளியில் கட்டுப்படுத்தத்தக்கதாகவும் ஊக்குவிக்கத்தக்கதாகவும் அரசுக்குத் தோன்றியுள்ளது.

தொட்டியிலிருந்து ஏரிக்கு

இரு பார்வைகளிலும் விடுபட்டது ஏரியாகும். தொட்டியின் பாசியைத் தின்பதற்காக விற்கப்படும் டேங்க் கிளீனர் என்னும் தென்னமெரிக்கக் கெளிற்றுமீன் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும் வீட்டுக்குச் சுமையாகின்றது. கொல்ல மனமில்லாதோர் அதனை அருகிலுள்ள ஏரியில் விடுகின்றனர். இரக்கமாகக் கருதப்படும் இச்செயலின் விளைவு கொடியது. அம்மீன் காற்றையும் சுவாசிப்பதால் மாசுற்ற நீரிலும் பிழைக்கும்; அதன் முள் மீனவரின் வலையைக் கிழிக்கும்; இனப்பெருக்கத்திற்காக அது கரையில் வளை தோண்டும். மண்கரையை நம்பி நிற்கும் ஏரிக்கு இவ்வியல்பு எத்தகைய அச்சுறுத்தல் என்பதை விளக்க வேண்டியதில்லை. தீபகற்ப இந்தியாவின் நீர்நிலைகளில் அயல் வண்ணமீன்கள் ஊடுருவுவதன் ஆபத்தை ஜே.டி. மார்கஸ் நைட் 2010இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை எடுத்துரைத்தது.

மனிதர் விடாமலும் மீன்கள் வெளியேறும். 2015 டிசம்பர் பெருவெள்ளம் போன்ற காலங்களில் தாழ்நிலத் தொட்டிகளும் குழிகளும் நிரம்பி வழிகின்றன. உற்பத்தியாளர்க்கு அது ஒரே இரவில் முதல் முழுவதையும் இழக்கும் நிகழ்வு. நீர்நிலைக்கு அது அயல்மீன்களின் குடியேற்றம். அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி என ஏரிகள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழுந்தது அதிலேயே தங்குவதில்லை. கெண்டையும் விராலும் பனையேறியும் வாழ்ந்த நீரில் அவற்றின் இடம் குறுகுகின்றது.

முடிவுரை

மேற்குப் புறநகரின் வண்ணமீன் வளர்ப்பு, அரசுக் காட்சியகமும் கொசு ஒழிப்பும் விதைத்து, சிறு உற்பத்தியாளரின் உழைப்பால் தொழிலாக வளர்ந்த ஒன்று என்பது மேற்கண்டவற்றால் பெறப்படும். ஏரித்தொடரின் நிலத்தடி நீரே இத்தொழிலுக்கு முதலாக அமைந்தது. மனைவிலை உயர்ந்து, காலியிடம் குறைந்து, உற்பத்தி புழல், செங்குன்றம், பொன்னேரி என வடக்கு நோக்கி நகரும் இக்காலத்தில், வில்லிவாக்கத்தில் வண்ணமீன் வர்த்தக மையம் அமைக்கச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் முனைந்தது விற்பனைக்கு வலுவூட்டும். உற்பத்திக்கு வேண்டிய நீரும் நிலமும் வேறு கேள்விகளாகும்.

தொழிலைக் காப்பதையும் ஏரியைக் காப்பதையும் எதிரெதிராக நிறுத்துவது இவ்வரலாற்றுக்குப் பொருந்தாது. வேண்டாத மீனைத் திரும்பப் பெறும் கடமையைக் கடைகள் ஏற்பதும், வெள்ளக்காலத்தில் வழியாதவாறு தொட்டிகளுக்கு வலையிடுவதும், நாட்டு மீன்களை வண்ணமீனாக வளர்ப்பதற்கு மாதவரத்திலும் பொன்னேரியிலும் உள்ள மீன்வளக் கல்வி நிலையங்கள் துணைநிற்பதும் இரண்டுக்கும் நலம் தருவன. முதல் தலைமுறை உற்பத்தியாளர்களும், உயிருணவு சேகரித்தோரும், குஞ்சு பிரித்த பெண்களும் தம் நினைவுகளைக் கூறும் நிலையில் இருக்கும்போதே அவர்தம் வாய்மொழிச் சான்றுகளைப் பதிவு செய்தல் அடுத்த ஆய்வாளர்களின் உடனடிப் பணியாகும்.